போனை எது வரைக்கும் நம்பலாம்? வீட்டுக்கு உதவும் 46 குறிப்புகள்

டார்ச், அலாரம், கால்குலேட்டர், கேமரா, ரேடியோ, மணிபர்ஸ், ரயில் டிக்கெட் என்று ஒரு காலத்தில் வீடு முழுக்க இறைந்து கிடந்த சாமானெல்லாம் இன்று ஒரே போனாகக் கைக்குள் வந்துவிட்டது. அத்தனை காசு கொடுத்து வாங்கியதில் பாதி வசதியை நாம் தொடுவதே இல்லை. இன்னொரு பக்கம், அதனால் ஆகாத வேலையையும் அதையே நம்பி விட்டுவிட்டுத் தவிக்கிறோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் குடித்தனம் நடத்தும் நமக்கு எந்த வேலையைப் போனிடம் விடலாம், எதற்குப் பழைய சாமானே மேல் என்று இங்கே சொல்லியிருக்கிறேன். தோழிகளே, பிடித்ததை இன்றைக்கே செய்து பாருங்கள்.

1. மோட்டார் சுவிட்சைப் போட்ட கையோடு போனில் டைமரையும் வைத்துவிடுங்கள். டேங்க் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அதிலிருந்து இரண்டு நிமிடம் குறைத்து வைத்தால் போதும். தண்ணீரும் வழியாது, கரண்டும் வீணாகாது.

2. கையெல்லாம் மாவாக இருக்கும்போது போனைத் தொட வேண்டாம். கூகுள் அசிஸ்டன்ட்டில் தமிழைச் சேர்த்துவிட்டால், "பத்து நிமிஷம் டைமர் வை" என்று வாயால் சொன்னாலே வைத்துவிடும்.

3. மேல் டேங்கில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அடியில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க ஏணி மேல் ஏணி வைத்து ஏற வேண்டாம். செல்ஃபி ஸ்டிக்கில் போனை இறுக்கி மாட்டி, ஃபிளாஷ் போட்டு வீடியோ எடுத்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். ஆனால் சம்ப்புக்குள் எட்டிப் பார்க்கும்போது மட்டும் போனைக் கையில் பிடிக்காதீர்கள். அங்கே பழைய டார்ச்தான் சரி.

4. மிக்ஸி ஜாரின் வாஷர், குக்கர் கேஸ்கட், குழாயின் உள் வாஷர், கேஸ் அடுப்பின் குமிழ் என்று எது போனாலும் கடையில் போய் "இவ்வளவு பெரிசு இருக்கும்" என்று விரலால் காட்டி வாங்கி வந்தால் பாதி நாள் பொருந்தாது. பழைய பாகத்தைத் தரையில் வைத்து, பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தையும் வைத்து, நேர் மேலிருந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர் என்பதால் கடைக்காரருக்கு அளவு உடனே பிடிபடும். ஜாரின் அடியில் இருக்கும் கம்பெனி பெயரையும் மாடல் நம்பரையும் இன்னொரு படம் எடுத்துவிட்டால் இரண்டாவது நடை மிச்சம்.

5. ஈபி மீட்டரை மாதம் இரண்டு தடவையாவது போட்டோ எடுத்து வையுங்கள். தேதியை போனே பதிந்துகொள்ளும். டிஜிட்டல் மீட்டரில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று எண்கள் மாறி மாறி ஓடும். ஓரத்தில் 'கேடபிள்யூஎச்' என்ற எழுத்து வரும் நேரத்தில் இருக்கும் எண்தான் நமக்கு வேண்டியது. போன தடவை குறித்துப் போன ரீடிங்கை அதிலிருந்து கழித்தால் இதுவரை ஓடிய யூனிட் வந்துவிடும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகும் என்பது பலருக்குத் தெரியாது. 470, 480 என்று நிற்கும்போதே பார்த்துவிட்டால் கடைசி வாரத்தில் ஏசியையும் கீசரையும் கொஞ்சம் அடக்கி வைக்கலாம்.

6. கரண்ட் போனால் லோக்கல் ஆபீஸ் நம்பரைத் தேடி அலைய வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் நம்பரை, 94987 94987, 'கரண்ட்' என்ற பெயரிலேயே போனில் ஏற்றிவிடுங்கள். பக்கத்திலேயே உங்கள் மின் இணைப்பு எண்ணையும் குறித்துவைத்தால் இருட்டில் பழைய பில்லைத் தேட வேண்டியதில்லை.

7. ஃபிரிட்ஜோ மோட்டாரோ வாஷிங் மெஷினோ வித்தியாசமாகச் சத்தம் போட்டால் அதை வீடியோவாகப் பிடித்து மெக்கானிக்குக்கு அனுப்புங்கள். அவர் வந்து நிற்கும் நேரத்தில் அந்தச் சத்தம் வராமல் போவதுதான் வழக்கம். சத்தத்தைக் கேட்டே என்ன பாகம் கொண்டுவர வேண்டும் என்று பலர் சொல்லிவிடுவார்கள்.

8. டிவி பின்னால் இருக்கும் வயர்கள், இன்வெர்ட்டர் இணைப்பு, ஆர்ஓ வாட்டர் ஃபில்டரின் குழாய்கள் என்று எதைக் கழற்றும் முன்பும் ஒரு படம். வீடு மாறும்போது இந்த ஒரு பழக்கம் அரை நாளை மிச்சப்படுத்தும்.

9. டிவி ரிமோட் வேலை செய்யவில்லையா? போனின் முன்பக்கக் கேமராவை ஆன் செய்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேராகக் காட்டி பட்டனை அழுத்துங்கள். திரையில் சின்னதாக வெளிச்சப் புள்ளி மினுக்கினால் ரிமோட் நன்றாக இருக்கிறது, கோளாறு டிவியில். மினுக்காவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். புது ரிமோட்டுக்கு அப்புறம் காசு கொடுக்கலாம்.

10. ரெட்மி போன்ற சில போன்களின் தலையில் ரிமோட்டுக்கான கண் ஒன்று இருக்கும். டிவி, ஏசி, செட் டாப் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே போன் ரிமோட்டாகும். உங்கள் போனில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தும் பயன்படுத்தாத வீடுகள் நிறைய.

11. மாத்திரை அட்டையின் காலாவதித் தேதி, பாக்கெட்டின் பின்னால் இருக்கும் பொடி எழுத்து எல்லாம் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டாம். கேமராவைப் பெரிதாக்கிப் படமெடுத்துப் பாருங்கள். அட்டை பளபளவென்று கண்ணைக் கூச வைத்தால் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெரியும்.

12. நகை வாங்கும்போது பிஐஎஸ் கேர் ஆப் போனில் இருக்கட்டும். ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்யூஐடி என்ற அடையாளம் பொறித்திருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். அதைக் கேமராவில் பெரிதாக்கிப் படித்து ஆப்பில் போட்டால் எத்தனை காரட், என்ன வகை நகை என்று வரும். கையில் இருக்கும் நகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு பில் போடச் சொல்லுங்கள்.

13. ரேஷன் கடையில் சாமான் வாங்கியதும் வரும் எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். வாங்காத சர்க்கரையோ பருப்போ அதில் ஏறியிருந்தால் கடையை விட்டு இறங்கும் முன்பே கேட்டுவிடலாம்.

14. இண்டேன் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் பதிவு செய்த நம்பரிலிருந்து 84549 55555-க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் புக்கிங் முடிந்தது. டெலிவரிக்காக வரும் குறியீட்டு எண்ணைச் சிலிண்டர் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு மட்டும் சொல்லுங்கள்.

15. மாத ரீசார்ஜ் என்று நாம் போடுவது பெரும்பாலும் 28 நாள்தான். அந்தக் கணக்கில் வருஷத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ். ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022-லேயே ட்ராய் எல்லாக் கம்பெனிகளுக்கும் சொல்லிவிட்டது. அதைத் தேடி, நாள் கணக்கில் வகுத்துப் பார்த்து, எது மலிவோ அதைப் போடுங்கள்.

16. வீட்டில் பெரியவர்கள் பேச மட்டும்தான் போன் வைத்திருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு டேட்டா எதற்கு? பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான்களைக் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உத்தரவு வந்து, 2025-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. கடைக்காரர் தானாக எடுத்துக் காட்ட மாட்டார், நாம்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

17. பட்டன் போனை இன்னும் குறைவாக எடை போடாதீர்கள். 2003-ல் வந்த நோக்கியா 1100-இன் தலையில் ஒரு சின்ன டார்ச் இருந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு ரோட்டில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா தொழிற்சாலையே ஓடியது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே ஷிஃப்ட் பார்த்தவர்கள். இன்றைக்கும் நாள் கணக்கில் நிற்கும் சார்ஜ், கண் தெரியாவிட்டாலும் விரலால் தடவி அழுத்தும் பட்டன், கீழே விழுந்தால் உடையாத உடம்பு, இந்த மூன்றிலும் எந்த விலையுயர்ந்த போனும் அதற்கு ஈடில்லை. என்னைக் கேட்டால் வீட்டுக்கு ஒன்று சார்ஜோடு இருக்க வேண்டும்.

18. அந்தப் பட்டன் போனிலிருந்தே பணமும் அனுப்பலாம். யூபிஐ 123பே என்ற வசதியை 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. ஒரு நம்பருக்குக் கால் செய்து குரல் சொல்கிறபடி எண்களை அழுத்தினால் போதும், இன்டர்நெட் வேண்டாம். உங்கள் வங்கிக் கிளையில் நேரில் கேட்டு நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள், யாரோ அனுப்பிய ஃபார்வர்டிலிருந்து எடுக்காதீர்கள்.

19. ஸ்மார்ட்போன் டார்ச் அவசரத்துக்கு நல்லது. ஆனால் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாதபோது அதை ஏற்றி வைத்தால் விடியும்போது கால் செய்யச் சார்ஜ் இருக்காது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நம் பக்கத்தில் பட்ட பாடு மறந்துவிடக் கூடியதா? மெழுகுவர்த்தி, செல் போட்ட டார்ச், தீப்பெட்டி மூன்றும் ஒரே டப்பாவில் இருக்கட்டும்.

20. அப்படி டவர் விழுந்து நெட் நின்றுபோகும் நேரத்தில் போனில் உயிரோடு இருப்பது எஃப்எம் ரேடியோ ஒன்றுதான். வயர் உள்ள இயர்போனைச் செருகினால்தான் அது பிடிக்கும், ஏனென்றால் அந்த வயர்தான் ஆன்டெனா. சென்னையில் எஃப்எம் ரெயின்போ 101.4-இல் வரும். பழைய வயர் இயர்போனைத் தூக்கிப் போடாமல் மேற்சொன்ன டப்பாவிலேயே போட்டு வையுங்கள். புது போன் வாங்கும்போது எஃப்எம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சிலவற்றில் இப்போது எடுத்துவிட்டார்கள்.

21. பவர் பேங்க்கில் 10,000 எம்ஏஎச் என்று பெரிதாக எழுதியிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு. போனுக்கு வந்து சேருவது கிட்டத்தட்ட 6,000-தான். பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று போட்டிருப்பதே உண்மைக் கணக்கு. 5,000 எம்ஏஎச் போனை ஒரு தடவை முழுக்க நிரப்பி, கொஞ்சம் மிச்சமும் வைத்தாலே அது நல்ல பவர் பேங்க். விலையை ஒப்பிடும்போது அந்தப் பொடி எழுத்து எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

22. சார்ஜர், பவர் பேங்க் எதை வாங்கினாலும் பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ரோட்டோரத்தில் மலிவாகக் கிடைக்கும் முத்திரை இல்லாத சார்ஜரில் மிச்சம் பிடிக்கும் காசு, போன் பேட்டரியில் போய்விடும்.

23. போனுக்கு எமன் வெயில். லித்தியம் பேட்டரிக்கு 35 டிகிரி வரைதான் சௌகரியம். சித்திரை, வைகாசியில் நம் ஊர் நிழலே அதைத் தாண்டும். ஸ்கூட்டர் முன்பெட்டி, கார் டேஷ்போர்டு, அடுப்பு மேடை, ஃபிரிட்ஜின் தலை, இந்த நாலு இடத்திலும் போனை வைக்காதீர்கள்.

24. சார்ஜ் போடும்போது தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள், தடித்த கவரைக் கழற்றிவிடுங்கள். தினமும் நூறு வரை ஏற்ற வேண்டும் என்றில்லை. 80-ல் நிறுத்தும் வசதி பல போன்களில் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் பேட்டரி இன்னும் கொஞ்ச காலம் கூட உழைக்கும்.

25. பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டி வழி பார்த்துக்கொண்டு போகிறவர்கள் கவனிக்க. எஞ்சின் அதிர்வு கேமராவின் உள்பாகத்தைக் கெடுக்கும் என்று ஆப்பிள் கம்பெனியே 2021-ல் எச்சரித்தது. சிடிஎச் ரோட்டுப் பள்ளத்தில் எகிறி விழும் ஆபத்து அதற்கு மேல். காதில் ஒற்றை இயர்போனும் வேண்டாம். கிளம்பும் முன்பே வழியைப் பார்த்துக்கொண்டு, சந்தேகம் வந்தால் ஓரமாக நிறுத்திப் பாருங்கள்.

26. தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் புதைப்பது பழைய வைத்தியம், பலன் இல்லை. அரிசித் தூசு ஓட்டைக்குள் போய் இன்னும் கெடுக்கும் என்று கம்பெனிக்காரர்களே சொல்கிறார்கள். ஆஃப் செய்து, சிம் தட்டை எடுத்துவிட்டு, சார்ஜ் ஓட்டை கீழ்ப்பக்கம் பார்க்கும்படி வைத்து லேசாகத் தட்டி, காற்றாடும் இடத்தில் ஒரு நாள் முழுக்க விடுங்கள். அது வரை சார்ஜ் போடவே கூடாது, ஹேர் டிரையரும் கூடாது.

27. மழை நாளில் சின்ன ஜிப் கவர் ஒன்று ஹேண்ட்பேக்கில் இருக்கட்டும். போனை அதற்குள் போட்டு மூடினாலும் மேலிருந்தே தொட்டு இயக்கலாம், பேசலாம். சமையலறையில் யூடியூப் பார்த்துச் செய்பவர்களுக்கும் இதே கவர் எண்ணெய்த் தெறிப்பிலிருந்து காப்பாற்றும்.

28. விரலை வைத்தால் ரத்த அழுத்தம் சொல்வேன், சர்க்கரை சொல்வேன் என்கிற ஆப்களை நம்பவே நம்பாதீர்கள். கேமராவால் நாடித் துடிப்பை ஓரளவு எண்ண முடியும், அவ்வளவுதான். வீட்டில் பிரஷர் உள்ளவர்கள் இருந்தால் கையில் பட்டை கட்டிப் பார்க்கும் மெஷினே வேண்டும். அதில் வந்த அளவைத் தினமும் போட்டோ எடுத்து வைத்து டாக்டரிடம் காட்டுவதுதான் போனின் வேலை.

29. கொசு விரட்டும் ஆப் என்று ஒன்று உண்டு, காதுக்குக் கேட்காத சத்தம் போடுமாம். கூவம் ஓரத்துத் திருவேற்காட்டுக் கொசு அதற்கெல்லாம் அசையாது. அந்த வகைச் சத்தத்துக்கு எந்த ஊர்க் கொசுவும் ஓடாது என்றே சோதித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கொசு வலையில் போடுங்கள் காசை.

30. போன் மேல் பொருளை வைத்தால் எடை காட்டும் என்ற ஆப்பும் அப்படித்தான், சும்மா விளையாட்டு. கேமராவால் நீளம் அளக்கும் ஆப் குத்துமதிப்புக்குச் சரி, திரைச்சீலைத் துணி வெட்ட ஆகாது. டேப்பால் அளந்து, அளவை எழுதிய சீட்டை ஜன்னலோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்தால் கடையில் குழப்பமில்லை.

31. மட்டம் பார்க்கும் 'லெவல்' வசதி நன்றாகவே வேலை செய்யும். போட்டோ மாட்ட, வாஷிங் மெஷின் ஆடாமல் நிறுத்த அதைப் பயன்படுத்துங்கள். முதலில் கவரைக் கழற்றுங்கள், கேமரா மேடு தட்டாத ஓரத்தை வைத்துப் பாருங்கள்.

32. திசை காட்டும் காம்பஸ் இரும்புக் கேட், பீரோ, இன்வெர்ட்டர் பக்கத்தில் பொய் சொல்லும். காந்தம் வைத்த ஃபிளிப் கவரும் அதைக் கெடுக்கும். நடுக்கூடத்தில் நின்று, போனைக் காற்றில் எட்டுப் போடுவதுபோல் சுழற்றிவிட்டுப் பாருங்கள். மனை, வாசல் என்று பெரிய முடிவு எடுக்கும்போது வெறும் போனை வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

33. டைல்ஸ் போட, பெயின்ட் அடிக்க வரும் வடமாநிலத் தொழிலாளர்களோடு பேச கூகுள் டிரான்ஸ்லேட்டின் உரையாடல் வசதி கைகொடுக்கும். தமிழையும் இந்தியையும் முன்கூட்டியே டவுன்லோடு செய்து வைத்தால் நெட் இல்லாமலும் எழுத்தை மொழிபெயர்க்கும். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். கடன் பத்திரம், மருந்துச் சீட்டு இரண்டையும் மட்டும் அதை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டாம்.

34. அம்பத்தூரிலோ ஆவடியிலோ மின்சார ரயில் பிடிக்க, வீட்டிலிருந்து கிளம்பும்போதே ரயில்வே ஆப்பில் டிக்கெட் எடுத்துவிட்டால் கியூ மிச்சம். ஸ்டேஷனுக்குள் நுழைந்த பிறகு சாதாரணமாக எடுக்க விடாது. அப்போது அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துதான் எடுக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது, ஆப்பைத் திறந்துதான் காட்ட வேண்டும். சார்ஜ் போய்விட்டால் டிக்கெட் இல்லாத பயணம் என்றே கணக்கு. பத்து சதவீதம் இருக்கும் நாளில் பேசாமல் கவுன்டரில் காகித டிக்கெட் வாங்குங்கள்.

35. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் 54-க்கோ 66-க்கோ நிற்பவர்கள் 'சென்னை பஸ்' ஆப்பில் வண்டி எங்கே வருகிறது என்று பார்க்கலாம். பஸ், ரயில், மெட்ரோ எல்லாம் சேர்த்துப் பார்க்க 2025-ல் 'சென்னை ஒன்' வந்திருக்கிறது. மாநகரப் பேருந்தில் நமக்கு இலவசமாக இருக்கும் சாதாரண பஸ் பின்னாலேயே வருகிறது என்று தெரிந்தால் டீலக்ஸில் ஏறிக் காசு கொடுக்க வேண்டாமே!

36. லைசென்ஸையும் ஆர்சியையும் போட்டோ எடுத்து கேலரியில் வைத்திருப்பது சோதனையில் செல்லாது. டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹனிலோ இருந்தால் ஒரிஜினலுக்குச் சமம். ஒரு தடவை ஆதாரை இணைத்து இறக்கி வைத்துவிடுங்கள், ஒரிஜினல் பீரோவில் பத்திரமாக இருக்கட்டும்.

37. தெருவிளக்கு, குப்பை, சாக்கடை அடைப்பு எல்லாவற்றுக்கும் 1913-ஐ அழைக்கச் சொல்லிப் பலரும் சொல்வார்கள். அது சென்னை மாநகராட்சியின் நம்பர். அம்பத்தூர் 2011-லேயே சென்னையோடு சேர்ந்துவிட்டதால் அங்கே உள்ளவர்களுக்குச் சரி. ஆவடி 2019-லிருந்து தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. அவர்கள் அந்தந்த அலுவலக நம்பரைத்தான் போனில் வைத்துக்கொள்ள வேண்டும். புகாரோடு இடம் தெரியும்படி ஒரு போட்டோவும், பக்கத்து மின்கம்பத்தின் நம்பரும் இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

38. மழைக்காலத்தில் "செம்பரம்பாக்கம் ஏரி உடையப் போகிறது" என்று குடும்ப குரூப்பில் வந்தால் உடனே மற்றவர்களுக்குத் தள்ளிவிடாதீர்கள். 24 அடி ஏரி அது. இன்றைய நீர்மட்டம் எவ்வளவு, எத்தனை கனஅடி திறக்கிறார்கள் என்ற இரண்டு எண்களும் தேதியும் இல்லாத செய்தியை ஒதுக்கிவிடுங்கள். 2015 படங்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அரசின் டிஎன் அலர்ட் ஆப்பைப் போட்டு வைத்தால் எச்சரிக்கை நேராக வரும்.

39. பூ, கீரை, டீ என்று சில்லறைச் செலவுக்கு யூபிஐ லைட்டைப் பயன்படுத்துங்கள். 1,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமல் போகும், பாஸ்புக்கில் பத்துப் பத்து ரூபாயாக வரிசை கட்டாது. பின் கேட்காது என்பதாலேயே போனுக்கு லாக் கட்டாயம் வேண்டும், அதில் ஏற்றும் பணமும் கொஞ்சமாக இருக்கட்டும். நெட் வேலை செய்யாத நாளுக்காகப் பர்ஸில் சில்லறை நோட்டு எப்போதும் இருக்க வேண்டும். பூக்கார அக்காவைக் காக்க வைப்பது நியாயமில்லை.

40. பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. "பணம் அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள்.

41. கல்யாணப் பத்திரிகை, ஈபி பில், பேங்க் கேஒய்சி என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலைத் தொடாதீர்கள். வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டினால் அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. பணம் போய்விட்டால் நொடியும் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை இடையில் நிறுத்த வழி இருக்கிறது. பெரியவர்கள் போனில் அந்த நம்பரை நாமே ஏற்றிக் கொடுத்து, அழைப்பது எப்படி என்றும் காட்டிவிடுவோம்.

42. *#06# என்று அழுத்தினால் போனின் ஐஎம்இஐ எண் வரும். அதைக் காகிதத்தில் எழுதி போன் வாங்கிய பில்லோடு வைத்துவிடுங்கள், தொலைந்த போனுக்குள்ளேயே இருந்தால் என்ன பயன்? திருடு போனால் போலீசில் புகார் கொடுத்துவிட்டு 'சஞ்சார் சாத்தி' தளத்தில் போனை முடக்கலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுமே 2022-லிருந்து ஆவடி போலீஸ் கமிஷனரேட்டின் கீழ் வருகின்றன.

43. லாக் போட்ட திரையிலேயே ரத்த வகை, மருந்து ஒவ்வாமை, வீட்டு நம்பர் தெரியும்படி 'எமர்ஜென்சி இன்ஃபர்மேஷன்' வைக்க முடியும். வழியில் மயங்கி விழுந்தால் தூக்குபவர்களுக்கு அதுதான் உதவும். கூடவே, எந்த பட்டனை எத்தனை தடவை அழுத்தினால் 112-க்குக் கால் போகும் என்று செட்டிங்ஸில் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

44. இப்போது யாருக்கும் யார் நம்பரும் மனப்பாடம் இல்லை. தினசரி காலண்டரின் அட்டையில் ஐந்து நம்பரைப் பெரிதாக எழுதி வையுங்கள், பிள்ளைகளின் ஸ்கூல் டைரியிலும் இரண்டு. போன் தொலைந்தாலும் செத்தாலும் அடுத்த வீட்டு போனிலிருந்து கூப்பிடலாம்.

45. போன் நிறைந்துவிட்டது என்று புதுசு வாங்கக் கிளம்பும் முன் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' திறந்து பாருங்கள். குட் மார்னிங் படமும் ஃபார்வர்ட் வீடியோவும் பாதி இடத்தைப் பிடித்திருக்கும். அழித்துவிட்டு ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்கள். கூகுளில் இலவசம் 15 ஜிபிதான், 2021 ஜூனிலிருந்து போட்டோவும் அந்தக் கணக்கில் சேரும். குழந்தை படம், கல்யாணப் படம் இவற்றை பென் டிரைவிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள். சார்ஜ் ஏறவில்லை என்றாலும் உடனே கடைக்கு ஓடாதீர்கள்: ஆஃப் செய்துவிட்டு மரப் பல்குச்சியால் சார்ஜ் ஓட்டையை மெதுவாகச் சுரண்டினால் பஞ்சும் தூசியும் உருண்டையாக வரும், கேபிள் இறுக்கமாக உட்காரும்.

46. பழைய போனுக்கும் வீட்டில் வேலை இருக்கிறது: வைஃபையில் போட்டால் சமையலறை ரேடியோ, அலாரம், பிள்ளைகளுக்கு டிக்‌ஷனரி, தூங்கும் குழந்தையைப் பார்க்கும் கேமரா. முதுகுப் பக்கம் உப்பியிருந்தால் மட்டும் ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். பேட்டரி தீப்பிடிக்கும், சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு எடுப்பவர்களிடமோ கொடுங்கள். எக்ஸ்சேஞ்சில் போடுவதானால் முதலில் கூகுள் கணக்கை நீக்கி, அப்புறம் ஃபேக்டரி ரீசெட் செய்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டீர்களா என்று கடைக்குப் போகும் முன் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.